பென்சிலில் எழுதிய நாற்பத்தொரு இடங்கள்

ஜூலை 1, திங்கள்

ஐந்து புத்தகங்களும் அச்சகத்திலிருந்து வந்துவிட்டன. டெம்போக்காரர் கட்டுகளைப் படிக்கட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். நானும் மாசானமுத்துவும்தான் உள்ளே சுமந்தோம். எங்கள் பதிப்புத் துறை இருப்பது பல்கலைக்கழகத்தின் பழைய கேன்டீன் கட்டடத்தில். பதினோரு வருஷமாக இங்கே பதிப்பு உதவியாளராக இருக்கிறேன். இன்னமும் மழை பெய்தால் சுவரிலிருந்து சாம்பார் வாசனை வருகிறது. மாசானமுத்து எங்கள் தட்டச்சாளர். கையெழுத்துப் படியைக் கணினியில் அடித்துப் பக்கம் கட்டுவது முதல் ஃபேன் ரிப்பேர் வரை எல்லாம் அவர்தான்.

இந்த வருஷத்துப் புத்தகங்கள்: கல்வெட்டு ஒன்று, நன்னீர் மீன் வளர்ப்பு ஒன்று, விடுகதைத் தொகுப்பு ஒன்று, ஆட்டு நோய்கள் ஒன்று. அட்டையில் ஆடு மிகவும் ஆரோக்கியமாக இருக்கிறது. ஐந்தாவது, சுகிர்தபாய் மேடம் எழுதிய 'மேட்டுத்தெரு பெண்கள் விடுதி: ஐம்பது ஆண்டு வரலாறு'. மேடத்துக்கு வயது எண்பத்து நான்கு. வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். அந்த விடுதிக்கு இருபத்து மூன்று வருஷம் வார்டன். ஆறு வருஷத்துக்கு முன்பு கையெழுத்துப் படியைக் கொடுத்தார். அது எங்கள் அலமாரியில் தூங்கியது. மாதம் பிறந்தால் போன் வரும். "பூரணி, என் புள்ளைக்கிப் பிரசவம் ஆச்சா?" என்பார். இனி ஆயிற்று என்று சொல்லலாம்.

வெளியீட்டு விழா பத்தொன்பதாம் தேதி. அழைப்பிதழ் வேலை என் தலையில். முதல் படி யார் பெறுவது என்பதில்தான் எப்போதும் சண்டை வரும். மேடையில் துணைவேந்தர் கையிலிருந்து ஒருவர் புத்தகத்தை வாங்கி நிமிர்த்திப் பிடித்து போட்டோவுக்கு நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஊரில் நடக்கிற சிபாரிசு கொஞ்சமில்லை.

வீட்டுக்கு வந்தால் இவர் மறுபடியும் வாசல் கேட்டுக்குப் பூட்டு வாங்கவில்லையா என்று ஆரம்பித்துவிட்டார். நாலு வருஷமாகக் கேட்கிறார். எனக்கு மறந்து போகிறது.

ஜூலை 2, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. கல்வெட்டுக்காரர் தன் பெயருக்கு முன்னால் 'முனைவர்' சின்னதாக விழுந்திருக்கிறது என்று வருத்தப்பட்டார்.

ஜூலை 3, புதன்

காலையில் இயக்குநர் வைகுண்டமணி சார் என் மேசைக்கே வந்துவிட்டார். அவர் வந்தால் ஏதோ கெட்ட செய்தி என்று அர்த்தம். இன்று முகம் வேறு மாதிரி இருந்தது.

"பூரணவல்லி, துணைவேந்தர் போன் பண்ணினார். விடுதிப் புத்தகத்தைக் கார்ல படிச்சாராம். கண் கலங்கிட்டாராம். ஒரு வார்டன் தன்னைத் தானே இப்படிக் கூண்டுல ஏத்தி எழுதி அவர் பார்த்ததே இல்லையாம். அந்தப் புத்தகத்தை முதல்ல வெளியிடணும்னு சொல்லிட்டார்."

"ஆட்டு நோய்கள்தான சார் முதல்ல இருக்கு?"

"ஆடு அஞ்சாவதா போகட்டும்."

துணைவேந்தர் அழுத பக்கம் நாற்பத்தேழு. சார் சத்தமாகப் படித்துக் காட்டினார். நானும் எழுதி வைக்கிறேன்.

'விடுதியின் வாயிற்கதவு மாலை ஆறு மணிக்கு அடைக்கப்பட்டது. இவ்வொழுங்கு மாணவியரின் நலன் கருதி ஏற்படுத்தப்பட்டதாகும். இதனால் எவருக்கும் எவ்வித இடையூறும் நேர்ந்ததில்லை.

நேர்ந்தது. 1979 நவம்பரில் பேச்சித்தாய் நூலகத்தில் பரீட்சைக்குக் குறிப்பு எடுத்துவிட்டு ஆறேகாலுக்கு வந்தாள். விடியும்வரை கதவுக்கு வெளியே மழையில் நின்றாள். அடுத்த வாரம் அவள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். படிப்பு அதோடு போயிற்று. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.'

இப்படித்தான் புத்தகம் முழுக்க. முதலில் விடுதியின் பெருமை வரும். அடுத்த பத்தியில் அது பொய் என்று வரும். 'உணவு சத்துள்ளதாக இருந்தது' என்று ஒரு பத்தி. 'புழு இருந்தது. புழுவிலும் சத்து உண்டு என்றால் சரி' என்று அடுத்தது. பிழை திருத்தும்போதே எனக்குப் பிடித்திருந்தது. வயதான காலத்தில் மேடத்துக்கு இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

ஜூலை 4, வியாழன்

ஒன்றும் புரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதினால் புரியுமோ என்று எழுதுகிறேன்.

புத்தகம் வந்ததும் நூலாசிரியருக்குப் பத்துப் படிகளோடு அவருடைய கையெழுத்துப் படியையும் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதற்காக மாசானமுத்து அலமாரியிலிருந்து மேடத்தின் கட்டை எடுத்திருக்கிறார். கடைசித் தாளைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். மத்தியானம் என் பக்கத்தில் வந்து நின்றார். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கவில்லை.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு. நீங்க ஏசப்படாது."

"சொல்லுங்க."

"அம்மா புஸ்தகத்துல ஓரத்துல பென்சில்ல எழுதியிருந்துச்சுல்லா, அம்பு போட்டு. அதெல்லாம் அம்மா பெறகு யோசிச்சுச் சேத்ததுன்னு நெனச்சு உள்ள அடிச்சிட்டேன். நம்மகிட்ட வாரவுக எல்லாரும் அப்படித்தான எழுதுதாவ? அது அம்மா எழுத்து இல்ல மேடம். இங்க பாருங்க."

கடைசித் தாளின் அடியில் அதே பென்சிலில் இருந்தது: 'வெளியிடலாம். ஆனால் ஓரங்களில் நான் குறித்துள்ள நாற்பத்தொரு இடங்களுக்கும் ஆசிரியர் விளக்கம் தர வேண்டும். — வல்லுநர் 2.'

எங்களிடம் வருகிற எந்தக் கையெழுத்துப் படியும் இரண்டு வல்லுநர்களின் பார்வைக்குப் போகும். ஆசிரியர் பெயரை மறைத்து அனுப்புவோம். வல்லுநர் யார் என்பது ஆசிரியருக்கும் தெரியாது. இயக்குநரிடம் சீல் வைத்த உறையில் இருக்கும். கருத்தைத் தனித் தாளில் எழுத வேண்டும் என்பது விதி. இந்த வல்லுநர் 2 தனித் தாளில் எழுதாமல் படியின் மேலேயே எழுதியிருக்கிறார். படித்தவர் அந்த விடுதியிலேயே இருந்தவர். பொறுக்க முடியாமல் எழுதியிருக்கிறார். மாசானமுத்து அதை மேடத்தின் புத்தகத்துக்குள் அடித்துவிட்டார். இப்போது முந்நூறு படிகளில் எண்பத்து நான்கு வயதுப் பெண்மணி தான் சொல்லாததையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"எண்பத்தெட்டாம் பக்கம் பாத்தியளா மேடம்?" என்றார் மாசானமுத்து.

பார்த்தேன். 'மாணவியரின் கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டதில்லை. என் அம்மா எழுதிய கடிதங்கள் எல்லாம் பிரித்த பிறகுதான் என் கைக்கு வந்தன.'

"வார்டனுக்கு வந்த லெட்டர யாரு மேடம் பிரிப்பா?"

எனக்கு அது தோன்றவே இல்லை என்றேன். 'மூலப்படியோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது' என்ற படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறது. ஒப்பிட்டேனா? ஒப்பிட்டிருப்பேன். அந்த மாதம் எனக்குக் காய்ச்சல் வேறு. நினைவில்லை.

ஜூலை 5, வெள்ளி

மேடம் போன் செய்தார். "புஸ்தகம் வந்துட்டுன்னு உங்க இயக்குநர் சொன்னாரே பூரணி? துணைவேந்தர் அழுதாராம்? நான் அழுகிறாப்ல என்னத்த எழுதினேன்?"

அட்டை இன்னும் காயவில்லை என்று சொன்னேன். அச்சகத்திலிருந்து வந்து ஐந்து நாள் ஆன அட்டை.

ஜூலை 8, திங்கள்

இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். மாசானமுத்துவும் கூட வந்து நின்றார். சார் கேட்ட முதல் கேள்வி: "இதுல என் கையெழுத்து எங்கேயும் இல்லையே?"

இல்லை. அவர் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

பிறகு யோசனைகள். பிழைதிருத்தத் தாள் ஒட்டலாம் என்றார். நாற்பத்தொரு இடத்துக்கு ஒட்டினால் தாள் புத்தகத்தைவிடப் பெரிதாகிவிடும். விழாவிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். துணைவேந்தரிடம் யார் சொல்வது? கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அந்த அம்மாவுக்குப் பார்வை சரியில்லைதானே? படிக்கவா போறாங்க?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அதே யோசனை எனக்கும் வெள்ளிக்கிழமை வந்தது என்பதால் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

போகும்போது என் பிழைதிருத்தப் படியைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். "இந்த வரிகள் எல்லாம் முதல்ல பத்தியோட ஒட்டித்தானே அடிச்சிருக்கு? நீங்கதானே தனித் தனிப் பத்தியா பிரிச்சிருக்கீங்க? நாற்பத்தொண்ணையும்?"

"பத்தி நீளமா இருந்துச்சு சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். நீளமான பத்தியைப் பிரிப்பது என் வழக்கம். ஆட்டு நோய்களிலும் பிரித்திருக்கிறேன்.

படிகளை மேடத்திடம் நானே கொண்டுபோய்க் கொடுத்து, விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. நானே.

ஜூலை 10, புதன்

மேடம் வீடு மேட்டுத்தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. பத்துப் படிகளைச் சுமந்துகொண்டு போனேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே நாலு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். 'மேடம், தட்டச்சில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது.' எளிமையான வாக்கியம்.

"வா பூரணி. ஒருவழியா புள்ளையக் கொண்டாந்துட்டியா?"

புத்தகத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். மடியில் வைத்துத் தடவினார். பிறகு உருப்பெருக்கியை எடுத்து, துணைவேந்தர் படித்த பக்கம் எது என்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். கடைசி வரியில் உருப்பெருக்கி ரொம்ப நேரம் நின்றது.

"இத நான் எழுதினேனா?"

என் எளிமையான வாக்கியத்தை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன்.

"எழுதியிருப்பேன்," என்று அவரே சொன்னார். "அன்னைக்கி நான் ஜன்னல்ல நின்னது வேற யாருக்கும் தெரியாதே. மாடி ஜன்னல். லைட்ட அணைச்சிட்டு நின்னேன்."

பென்சிலில் எழுதியவர் தான் ஜன்னலில் நின்றதாக எழுதினார். இவரும் ஜன்னலில் நின்றிருக்கிறார். ஒருத்தி மழையில் நிற்க, அந்தக் கட்டடத்தில் எத்தனை ஜன்னலில் எத்தனை பேர் நின்றார்கள்?

மேடத்தின் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. "இத எழுதாமலே செத்துருவேன்னு நெனச்சேன் பூரணி. எழுதிட்டேன் பாரு." அதைக் கேட்ட பிறகு எப்படிச் சொல்வேன்? நீங்கள் எழுதவில்லை, வேறு யாரோ உங்களைக் குற்றம்சாட்டி எழுதினார்கள் என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டில் காப்பி குடிக்க முடியுமா?

"என் கையெழுத்துப் படியக் கொண்டாந்தியா?"

"அது ஆபீஸ்ல இருக்கு, வார்டனம்மா."

உருப்பெருக்கி என் பக்கம் திரும்பியது. "என்ன சொன்னே?"

"ஆபீஸ்ல இருக்கு மேடம்னேன்."

காப்பியை என் பக்கம் தள்ளினார். பிறகு, முதல் படியைப் பேச்சித்தாய் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றார். "அவ எங்க இருக்காளோ. கெடைக்கலைன்னா, அன்னைக்கி அவகூட விடுதியில இருந்தவ யாராவது. தேடு. ஒனக்குத் தேட வழி இருக்கும்."

எனக்கு வழி இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. சும்மா சொல்லியிருப்பார்.

ஜூலை 12, வெள்ளி

சீல் வைத்த உறையைத் திறக்க இயக்குநர் ஒரு மணி நேரம் யோசித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கிழித்தார். வல்லுநர் 2: பேராசிரியர் உலகம்மாள், வரலாறு, ஓய்வு, மதுரை.

போன் செய்தேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு இடமும் அச்சாகிவிட்டது, துணைவேந்தர் படித்து அழுதார் என்றதும் அமைதி போய்விட்டது.

"யார் வாயில அச்சாச்சு?"

"மேடம், அது தட்டச்சுல..."

"நான் விளக்கம் கேட்டேன். அவங்க பதில் சொல்லணும்னு எழுதினேன். நீங்க என் கேள்விய எடுத்து அவங்க பதிலா மாத்தி வச்சிருக்கீங்க. இப்போ ஊரே அவங்களை மெச்சுது. துணைவேந்தர் அழுதாரே, அது பேச்சித்தாய்க்கா, இல்ல இந்த அம்மாவுக்கா?"

இது நான் யோசிக்காத பக்கம். வரிகள் அச்சில் வந்தால் போதும் என்றல்லவா இருந்தேன். யார் சொன்னதாக வருகிறது என்பது இவ்வளவு பெரிய விஷயம் என்று... இந்த வாக்கியம் சரியாக வரவில்லை. விடுகிறேன்.

அப்புறம் அவர் குரல் இறங்கியது. "சாவி என்கிட்டதான் இருந்துச்சு. அந்த வருஷம் நான்தான் மாணவியர் செயலாளர். அவங்க சொல்லட்டும்னு காத்துக்கிட்டு நின்னேன். பத்தொன்பது வயசு. இன்னைக்கி வரைக்கும் அந்தச் சாவி என் கையில இருக்குறாப்லதான் இருக்கு. அதை எழுதத்தான் எனக்கும் நாற்பது வருஷம் ஆச்சு. அதையும் அவங்களுக்கே குடுத்துட்டீங்க."

பேச்சித்தாய் இப்போது எங்கே என்று அவருக்கும் தெரியாது. முதல் படி பெற வருவீர்களா என்று கேட்டேன். கேட்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வர்றேன். விழாவுக்கு முன்னாடி அவங்ககிட்ட நீங்க உண்மையைச் சொல்லிருங்க. இல்லைன்னா மேடையில நான் சொல்லுவேன்."

ஜூலை 15, திங்கள்

அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. முதல் நூல்: வெளியிடுபவர் துணைவேந்தர். முதல் படி பெறுபவர் பேராசிரியர் உலகம்மாள், விடுதியின் முன்னாள் மாணவி. இயக்குநருக்கு விஷயம் தெரியும், ஆனால் தெரியாத மாதிரி இருக்கிறார். அதில் அவருக்கு நல்ல அனுபவம் உண்டு. மாசானமுத்து தினமும் என்னைப் பார்த்து, "சொல்லிட்டியளா மேடம்?" என்கிறார். மீன்காரர், அதாவது மீன் வளர்ப்பு எழுதியவர், மேடையில் மீன்தொட்டி வைக்கலாமா என்று கேட்டார். வைக்கச் சொல்லிவிட்டேன். எதிலும் மனம் நிற்கவில்லை.

ஜூலை 17, புதன்

விடுமுறை. மேடத்திடம் சொல்லிவிடலாம் என்று சாயங்காலம் புறப்பட்டேன். அவர் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவர் யாரோடோ பேசுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. ஏற்புரையைச் சொல்லிப் பார்க்கிறார் போல. கையில் மணி பார்த்தேன், ஐந்து ஐம்பது. ஆறு ஆகப்போகிறதே என்று திரும்பி வந்துவிட்டேன். அவர் ஆறு மணிக்குக் கதவை அடைக்கிற ஆளா என்ன இப்போது? ஏன் அப்படித் தோன்றியது என்று விளங்கவில்லை.

வரும் வழியில் அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்கினேன். எல்லாம் சொத்தை.

ஜூலை 18, வியாழன்

சொல்லவில்லை.

ஜூலை 19, வெள்ளி

கூட்டம் நன்றாகவே வந்தது. மேடையில் மீன்தொட்டி. நான் மேடைக்குக் கீழே ஓரத்தில் தண்ணீர்ப் பாட்டில்களோடு நின்றேன். சுகிர்தபாய் மேடம் வெள்ளைச் சேலையில் சக்கர நாற்காலியில். உலகம்மாள் மெலிந்த உயரமான பெண்மணி. மேடத்தைப் பார்த்ததும் கை தன்னால் குவிந்தது. உடனே இறக்கிவிட்டார். என்னைப் பார்த்து, சொல்லியாயிற்றா என்று கண்ணால் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

துணைவேந்தர் நாற்பத்தேழாம் பக்கத்தை முழுவதும் வாசித்தார். தன் தவற்றைத் தானே எழுதும் நேர்மை பற்றிப் பதினைந்து நிமிஷம் பேசினார். உலகம்மாள் முதல் படியை வாங்கினார். போட்டோவுக்கு நிமிர்த்திப் பிடிக்கவில்லை. மைக் பக்கம் ஓர் அடி வைத்தார். அதற்குள் மேடம் மைக்கைக் கேட்டு வாங்கிவிட்டார்.

"துணைவேந்தர் ஐயா மன்னிக்கணும். இந்தப் புஸ்தகத்துல உங்களுக்குப் பிடிச்ச இடம் ஒண்ணுகூட நான் எழுதினதில்ல."

துணைவேந்தர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார்.

"ஐம்பது வருஷமா எழுதுதேன். ஒரு எடத்துலயும் 'நான்'னு எழுதுனவ இல்ல. 'அடைக்கப்பட்டது'ன்னுதான் எழுதுவேன். அடச்சது யாருன்னு எழுத மாட்டேன். படிச்ச அன்னைக்கே இது வேற ஆள்னு தெரிஞ்சு போச்சு. பூரணி சொல்லுவா சொல்லுவான்னு பாத்தேன். அவ சொல்லல. நானும் கேக்கல. அவ்வளவு நல்லதா எழுதியிருந்துச்சு. ஒம்பது நாள் எனக்கே எனக்குன்னு வச்சிருந்தேன். தப்புதான்."

பிறகு உலகம்மாள் பக்கம் திரும்பினார். "நீதான எழுதினே? சாவி ஒங்கிட்டதான இருந்துச்சு?"

"ஆமா, வார்டனம்மா." மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

"நீ கீழ் ஜன்னல்ல நின்னிருக்கே. நான் மேல் ஜன்னல்ல நின்னேன். நீ என் உத்தரவுக்கு நின்னே. நான் அவ தட்டுவான்னு நின்னேன். கதவ ஒரு தட்டு தட்டியிருந்தா எறங்கி வந்து தொறந்திருப்பேன். அவ தட்டவே இல்ல. நீ விளக்கம் கேட்டேல்லா, இதுதான் விளக்கம். நல்ல விளக்கம் இல்ல. ஆனா இதுதான் இருக்கு."

உலகம்மாள் அழுதுவிட்டார். மேடத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மண்டபம் முழுக்க எழுந்து கைதட்டியது. துணைவேந்தர் தட்டினார். இயக்குநர் எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினார். நான் தட்டவில்லை. என் கையில் தண்ணீர்ப் பாட்டில்கள் இருந்தன.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. 'ஒரு தட்டு தட்டியிருந்தா' என்ற வார்த்தையே மறுபடி மறுபடி காதில் வந்தது.

மேடத்தைக் காரில் வீட்டில் விடும் பொறுப்பு எனக்கு. கையெழுத்துப் படியை இன்று மறக்காமல் கொண்டுவந்து கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா வந்தார். சிக்னலில் கார் நின்றது.

"பூரணி, நீ எந்த வருஷம்?"

"எது மேடம்?"

"அன்னைக்கி வார்டனம்மான்னு வாய் தவறிச் சொன்னியே. இன்னைக்கி உலகம்மாளும் அப்படியே கூப்பிட்டா. அப்படிக் கூப்பிடுதது மேட்டுத்தெருப் புள்ளைய மட்டுந்தான். ஆறு வருஷம் எங்கூட போன்ல பேசியிருக்கே, ஒரு நாளும் சொல்லல."

யாரும் கேட்கவில்லையே என்று சொல்ல வந்தேன். "தொண்ணூத்தி ரெண்டு" என்றேன்.

"பத்தி பிரிச்சதும் நீதான்னு உங்க இயக்குநர் இப்பம் மேடையில சொன்னார்."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"எத்தன மணிக்கி வந்தே?" என்று கேட்டார் மேடம்.

டிரைவரிடம் இடப்பக்கம் திரும்பச் சொன்னேன். அவருக்கு வழி தெரியும். மேடம் மறுபடி கேட்கவில்லை. இறங்கும்போது கையெழுத்துப் படியை என் மடியிலேயே வைத்துவிட்டார். "ரெண்டாம் பதிப்புக்கு நான் நாப்பத்தோரு எடத்துக்கும் பதில் எழுதணும். அதுவரைக்கும் ஒங்கிட்ட இருக்கட்டும். ஓரத்துல இன்னும் எடம் இருக்கு."

ஜூலை 22, திங்கள்

பிழைதிருத்தத் தாள் நாற்பத்தொரு வரி வேண்டியதில்லை, ஒரே வரி போதும் என்று மேடம் போனில் சொல்லி எழுத வைத்தார்: 'இந்நூலில் நான் என்று வரும் இடங்கள் எல்லாம் பேராசிரியர் உலகம்மாள் எழுதியவை.' உலகம்மாளும் சரி என்றார். மாசானமுத்து சின்னத் தாளில் அச்சடித்தார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து மீதிப் படிகளில் ஒட்டினோம். விரலெல்லாம் பசை.

"நல்ல வேள மேடம், எல்லாரும் உண்மையச் சொல்லிட்டாவ," என்றார்.

ஒரு தாள் கோணலாக ஒட்டியிருந்தது. பிரித்து மறுபடி ஒட்டினேன்.

ஜூலை 28, ஞாயிறு

இவரே கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்துவிட்டார். வாசல் கேட்டில் மாட்டிவிட்டு, இனி இருட்டினதும் பூட்டிவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்றார். காரணம் சொல்லத் தெரியாமல் கத்திவிட்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பூட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

துணி துவைத்தேன். மோர்க்குழம்பு. மத்தியானம் மேடத்தின் கையெழுத்துப் படியைப் பிரித்தேன். அச்சில் நாற்பத்தேழு, கையெழுத்தில் அறுபத்தொன்றாம் பக்கம். பென்சில் எழுத்தை நான் அச்சுக்கு முன்பே பார்த்திருக்கிறேன். இரண்டு வேறு கை என்பதும் தெரியும். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. இதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

வலது ஓரம் உலகம்மாள் எழுத்தால் நிரம்பியிருக்கிறது. பென்சில் சீவி, இடது ஓரத்தில் எழுதினேன்:

'1992 ஆகஸ்ட். ஆறு இருபதுக்கு வந்தேன். நான் கதவைத் தட்டினேன்.'